யப்பானியப் பழநூற் படிமங்களும் படிப்போர் கடனும்

ஒரு நாட்டின் பண்பாட்டு வரலாற்றை ஆராயப் புகுவோன் அந்நாட்டு நூல்நிலையங்களை நாடிச் செல்லுதல் வேண்டும் என்பது முன்னைய நியதி. இன்று அந்நூல்நிலையங்களே நம்மை நாடி வருகின்றன. 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற யப்பானியத் தேசிய பாராளுமன்ற நூல்நிலையம் தன் பழநூல்கள் பலவற்றை எண்ணிமப் படிமங்களாக இணையத்தில் வழங்குகின்றது. யப்பானிய இலக்கியத் தேசிய ஆய்வு நிறுவனம் 2014இல் தொடங்கிய பெருந்திட்டமோ 3,00,000 பழநூல்களைப் படிமமாக்குதலை இலக்காகக் கொண்டது. இம்முயற்சியின் பயனும் குறையும் யாவை என்பதை ஒரு நூல் கொண்டு நோக்குவாம்.

இன்றைய தோக்கியோ முன்னர் எடோ எனப்பட்டது. அந்நகரின் சிறப்பிடங்களைக் கூறும் 'எடோ மெய்ஷோ சூயே' என்னும் நூலைச் சைத்தோ குடும்பத்தினர் மூன்று தலைமுறையாக முயன்று இயற்றினர். ஹசெகவா செத்தன் அதற்கு ஓவியம் வரைந்தார். 7 தொகுதிகளாய் 20 புத்தகங்களில் அமைந்த அது 1834இலும் 1836இலும் வெளிவந்தது. மரப்பலகையிற் செதுக்கி அச்சிடும் முறையில் எழுத்தும் ஓவியமும் ஒரே கைத்தொழிலின் பயனாய்ப் பிறந்தன. அதன் பாடத்தை மட்டும் அச்செழுத்திற் கோத்துத் தரும் பிற்காலப் பதிப்பு சொல்லைக் காக்கும். பக்கத்தின் உருவைக் காவாது. படிமமோ நிகொன்பாசி மீன்சந்தையின் சனநெருக்கத்தையும் அருகே ஓடும் எழுத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. இது படிமத்தின் தனிச்சிறப்பாகும்.

ஆயின், காண்டல் வேறு, கற்றல் வேறு. அந்நூல்களிற் பயின்ற குசுஷிஜி என்னும் தொடரெழுத்தை இன்றைய யப்பானியருட் பெரும்பாலார் படிக்க அறியார். ஓர் ஒலிக்குப் பல வடிவங்கள் வழங்கிய நிலையை மாற்றி, ஓர் ஒலிக்கு ஒரு வடிவமே என 1900ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளி விதிகள் வரையறுத்தன. கல்வி எளிதாயிற்று, மூதாதையர் நூல்களோ பேரர்க்கு அந்நியமாயின.

இவ்விடரைத் தீர்க்கக் கணினியின் துணை நாடப்பட்டது. 2021இல் வெளிவந்த 'மிவோ' என்னும் கைத்தொலைபேசிச் செயலி, பழவெழுத்தின் படத்திலிருந்து இன்றைய எழுத்தை ஊகித்துத் தருகின்றது. ஊகம் பிழைத்தலும் உண்டு. எழுத்து அறியப்பட்ட பின்னும் வழக்கொழிந்த சொல்லுக்குப் பொருள் காண்பதும், பாடம் பொருந்துமா எனத் தெளிவதும் புலமையுடையார் கடனே. ஏட்டைப் பேணுதல் ஒன்று, பாடந் தேர்ந்து பதிப்பித்தல் பிறிதொன்று என்பதைச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியை அறிந்த நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் பேணாவிடின் கற்பதெங்ஙனம்? 1923 செப்டெம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக நூல்நிலையம் எரிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை இழந்த நாம் அவ்விழப்பின் தன்மையை நன்கறிவோம். எரிந்த நூலுக்குப் படிமம் ஈடாகாது. ஆயினும் படிமமும் இல்லாத நூல் பெயரளவாயே எஞ்சும். ஆதலின் யப்பானியர் முயற்சி போற்றத்தக்கதே. அது முழுமை பெறுவது, சேமித்த பக்கங்களின் தொகையால் அன்று. அவற்றைத் தாமே படிக்க வல்ல மாணாக்கரின் தொகையாலேயாம்.