உயிர் பிழைத்தவரின் சாட்சியம்

1996ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மாலை எவரெஸ்ட் சிகரத்தைப் பனிப்புயல் சூழ்ந்தது. அதில் சிக்கி மாண்டோர் எண்மர். நேபாளப் பக்கமிருந்து ஏறியவர் ஐவர். திபெத் பக்கமிருந்து ஏறிய நம் இந்தோ - திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர். நேபாள வழியில் ஏறி உயிருடன் மீண்ட அமெரிக்க இதழாளர் ஜான் கிராகவர், 1997இல் எழுதிய 'இன்டு தின் ஏர்' என்னும் நூலை நாம் ஏன் படிக்க வேண்டும்?

சாகசச் சுவைக்காக மட்டுமெனில் வேண்டியதில்லை. 65,000 டாலர் வரை கட்டணம் பெற்று ஆட்களைச் சிகரத்துக்கு அழைத்துச் சென்றவர் நியூசிலாந்தின் ராப் ஹால். பிற்பகல் இரண்டு மணிக்குள் எட்டாவிடில் திரும்பிவிட வேண்டும் என்ற விதி அறிந்தவர். அவரே, தம்மை நம்பி வந்த ஹேன்சனுடன் நான்கு மணிக்குப் பின் உச்சியில் நின்றார். தளர்ந்து வீழ்ந்த அவரை விட்டிறங்க மனமின்றித் தாமும் மாண்டார். ஆசை எங்கே முடிந்தது, அன்பு எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாத இடம் இது.

நூலின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. இறங்கும் வழியில், நிறைந்திருந்த உயிர்வளிக் குப்பிகளை வெறுங்குப்பிகள் என்று சாதித்தார் வழிகாட்டி ஹாரிஸ். உயிர்வளிக் குறைவால் அவர் மதி மயங்கியிருந்ததை கிராகவர் உணரவில்லை. வழிகாட்டி தவறமாட்டார் என்ற பழக்கம் கண்ணை மறைத்தது. பின்னர், கூடாரங்களுக்கு அருகே ஹாரிஸைக் கண்டதாக இதழில் எழுதினார், கண்டது வேறொருவரை. இவ்விரண்டையும் நூலில் மறைக்காமல் எழுதுகிறார். இதழாளனாகிய தன் வருகையே வழிகாட்டிகளைத் துணிவு கொள்ளச் செய்ததோ என்றும் கலங்குகிறார். தன்னைக் கூண்டில் நிறுத்தும் இப்பக்கங்களை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

பிறரைக் கூண்டில் நிறுத்தும்போதோ அவர் குரலில் அந்தத் தயக்கம் குறைகிறது. உயிர்வளியின்றி ஏறியதற்காகவும், அழைத்து வந்தவர்களுக்கு முன்பே இறங்கியதற்காகவும் வழிகாட்டி அனத்தோலி புக்ரீவைக் குறை கூறுகிறார். ஆனால் அன்றிரவு, கிராகவர் கூடாரத்தில் களைத்துக் கிடக்க, தனியே புயலுக்குள் சென்று மூவரை மீட்டவரும் அதே புக்ரீவ்தான். கிராகவர் இதை மறைக்கவில்லை. எனினும் தீர்ப்பின் கடுமை குறையவில்லை. தேவைப்பட்டால் உதவ ஆயத்தமாக இருக்கவே முன்னர் இறங்கியதாக, அதே ஆண்டு வெளிவந்த 'தி கிளைம்ப்' நூலில் புக்ரீவ் விடையளித்தார். 1997 டிசம்பர் 25 அன்று அன்னபூர்ணாவில் பனிச்சரிவு அவரையும் கொண்டுசென்றது.

ஹாரிஸைப் பற்றித் தம் கண்களே பொய்த்ததை அறிந்தவர், புக்ரீவைப் பற்றிய தம் முடிவையும் அதே ஐயத்தோடு எழுதியிருக்கலாம். இக்குறையோடும் இது நேர்மையான நூலே. மாண்டவர்கள் பேச இயலாத இடத்தில் பிழைத்தவர் பேசுகிறார். அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடும், பிறரைப் பற்றிச் சொல்வதை நிதானத்தோடும் கேட்பதே நம் கடன்.