தொடாத கை

கிரிக்கெட் அணியில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் மூன்றுக்கும் தனித்தனியே துணைப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மூவரில் பந்துவீச்சைக் கவனிப்பவரின் வேலைதான் வெளியே அதிகம் தெரியாதது; நின்று பார்த்தால் அதிகம் ரசிக்கக்கூடியதும் அதுதான். அந்த வேலைக்குப் போகும் வழிகளில் ஒன்று சென்னை லீக் மைதானங்களில் தொடங்குகிறது.

வழி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. பள்ளி அணி, கல்லூரி அணி, லீக்கில் கீழ் டிவிஷன், அங்கிருந்து ஃபர்ஸ்ட் டிவிஷன், கூடவே அணியை நடத்தும் கம்பெனியிலோ வங்கியிலோ ஒரு வேலை. முப்பத்தைந்தைத் தாண்டும்போது முதுகோ முழங்காலோ போதும் என்று சொல்லிவிடும். அதற்குள் கிளப்பின் சின்னப் பையன்களுக்கு ஆட்டக்காரர் ‘சார்’ ஆகியிருப்பார். கோடை முகாம், பள்ளி அணி, பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி (இப்போது சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்) நடத்தும் பயிற்சியாளர் லெவல் தேர்வுகள், மாநிலத்தின் வயது வரம்பு அணிகள் என்று படிகள் போகும். ரஞ்சி அணியை எட்டுபவர்கள் சிலர், அதற்கு மேலே போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நிறையப் பார்த்த கண்தான் முதலீடு. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் நாலு டென்னிஸ் பந்து ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கும்போது, உருண்டு வரும் பந்து எந்த ஆட்டத்துடையது என்று கண்டுபிடிக்கப் பழகுவதுகூட இதற்கு மோசமான முன்பயிற்சி இல்லை.

இந்த வேலைக்கு இந்தியாவில் ஒரு மரபு உண்டானது சென்னை சேத்துப்பட்டில். 1987இல் எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது பெயர்ப்பலகைக்கு வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி இருந்தார். அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்டில் சில வாரங்கள் வந்துபோவார். மீதி நாட்களில் காலையும் மாலையும் பையன்களோடு நின்றவர் டி.ஏ.சேகர். 1983இல் பாகிஸ்தானில் இரண்டு டெஸ்ட் ஆடி ஒரு விக்கெட்டும் எடுக்காதவர். அவரிடம் வந்த ஜவகல் ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் பிறகு எடுத்த விக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தால், பெரிய ஆட்டக்காரர்தான் பெரிய ஆசிரியர் ஆக முடியும் என்ற நம்பிக்கை நிற்காது. அவருக்குப் பின் அங்கே தலைமைப் பயிற்சியாளரான எம்.செந்தில்நாதன் 1988 இளைஞர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பேட்ஸ்மேன். வேகப்பந்து வீசியவர்தான் வேகப்பந்து கற்றுத்தர வேண்டும் என்பதும் கட்டாயமில்லை போலும்.

வலையில் ஒரு நல்ல பயிற்சியாளர் எங்கே போய் நிற்கிறார் என்று கவனிப்பதே ரசனையின் முதல் பாடம். முதலில் அம்பயர் நிற்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் பின்கால் தரையைத் தொடும் கணத்தில் இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது தெரியும். இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் திரும்பியிருந்தால் ஒவ்வொரு பந்துக்கும் முதுகின் அடிப்பகுதி முறுக்கப்படுகிறது. இளம் பந்துவீச்சாளர்களின் முதுகெலும்பில் கீறல் விழ முக்கியக் காரணங்களில் ஒன்று அது. அடுத்துப் பக்கவாட்டில் நகர்வார். முன்கால் ஊன்றும்போது முழங்கால் விறைப்பாக நிற்கிறதா, தொய்ந்துபோகிறதா என்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். தொய்ந்தால் ஓடிவந்த வேகம் பந்துக்குப் போகாமல் காலிலேயே தங்கிவிடும். கடைசியாக பேட்ஸ்மேனுக்குப் பின்னால், வலைக்கு வெளியே. மணிக்கட்டையும் பந்தின் தையலையும் பார்க்க அதுவே இடம். தையல் நேராக வருகிறதா, தள்ளாடுகிறதா என்று பையனுக்கே புரிய, ஒரு பாதி சிவப்பும் மறுபாதி வெள்ளையுமான பந்தைக் கொடுப்பார்கள். இத்தனையும் பார்த்துவிட்டு அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும். மூன்று குறை கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் சொல்லி இரண்டை மனதில் வைத்துக்கொள்வது எளிதல்ல. மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டி, பையனுக்கு ஓட்டமே மறந்துபோகச் செய்கிறவர்களும் உண்டு.

அடியோடு பிரித்து மாற்ற வேண்டிய கட்டமும் வரும். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2015இல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு அவர் பந்தை வீசாமல் எறிகிறார் என்ற புகார் எழுந்தது. தமிழ்நாட்டின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் போன்ற உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் உடனிருந்து, அவர் வீசும் முறையைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். அதில் அவருடைய பலமான யார்க்கர் போய்விடாமல் பார்த்துக்கொண்டதில் இருக்கிறது அவர்கள் கைத்திறன்.

இந்த வழியில் கடைசிப் படி வரை போனவர் பரத் அருண். 1986இல் தொடங்கி 2 டெஸ்ட், 4 விக்கெட். 1987-88இல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாட்டு அணியில் இடம். பிறகு தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளர், தேசிய அகாடமி, 2012இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியின் பயிற்சியாளர். 2014இல் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர். துணைப் பயிற்சியாளரின் வேலை தலைமையில் இருப்பவரின் வேலையோடு கட்டப்பட்டது. 2016இல் அணியின் இயக்குநர் ரவி சாஸ்திரி போக, அருணும் போனார். அந்த இடைவெளியில் ஹைதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் அங்கே கண்டது, 2016-17 பருவத்தில் 41 விக்கெட் எடுத்த முகமது சிராஜை. வேலை போனதால் கிடைத்த லாபம் அது. 2017இல் சாஸ்திரி திரும்பினார், அருணும் திரும்பினார்.

வேகப்பந்து வீச்சாளர் பும்ராவிடம் அருண் செய்தது, அல்லது செய்யாதது, இந்தக் கலையின் உச்சம். நாலைந்து எட்டு நடை, சிறு ஓட்டம், விறைத்து நீளும் கை: எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அந்த முறையைத் திருத்தாமல், அது கேட்கும் உடல் வலுவைக் கூட்டுவதில் கவனம் வைத்தார். 2018இல் மட்டும் டெஸ்டில் பும்ரா 48, ஷமி 47, இஷாந்த் 41 விக்கெட். தொடாமல் விட்டதற்கு விலையும் இருந்திருக்கலாம்: 2019இல் பும்ராவின் முதுகில் கீறல் விழுந்தது. திருத்தியிருந்தால் முதுகு தப்பியிருக்கலாம். பந்தும் சாதாரணப் பந்தாகியிருக்கலாம்.

2020 கடைசியில் ஆஸ்திரேலியா போனபோது வகுத்த திட்டம் அருணின் வேலையின் இன்னொரு முகம். ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்கள் ஸ்மித்துக்கும் லபுஷேனுக்கும் ஆஃப் பக்கம் ரன் கொடுப்பதில்லை, ஸ்டம்புக்கு நேரே வீசி லெக் பக்கம் ஆட்களை நிறுத்துவது. பயணத்துக்குப் பல மாதம் முன்பே சாஸ்திரியும் அவரும் பேசிவைத்தது இது. மெல்போர்னில் ஸ்மித் அஸ்வின் பந்தை லெக் பக்கம் நின்ற புஜாராவிடம் கொடுத்தார், 0. இரண்டாவது இன்னிங்ஸில் பும்ரா பந்து அவருடைய காலைச் சுற்றிப் போய் ஸ்டம்பைத் தட்டியது, 8. காயத்தால் ஒவ்வொருவராக விழ, பிரிஸ்பேனில் மிஞ்சிய வேகப்பந்து வீச்சாளர்கள் சிராஜ், சைனி, தாக்கூர், நடராஜன். நால்வரில் அதிகம் ஆடிய சிராஜுக்கே அதற்கு முன் 2 டெஸ்ட்தான். ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 73 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இந்தியா 328ஐத் துரத்தி வென்று தொடரை 2-1 என முடித்தது.

தமிழ்நாட்டின் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் லக்ஷ்மிபதி பாலாஜிக்கு வழி குறுகியது. 2004 பாகிஸ்தான் பயணத்தின் நாயகன், முதுகுக் காயத்தால் வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர். ஓய்வுக்குப் பின் 2017இல் கொல்கத்தா, 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸ் என்று பந்துவீச்சுப் பயிற்சியாளராக விரைவிலேயே ஐ.பி.எல்லுக்கு ஏறினார். தன் முதுகிலேயே படித்த பாடம் என்பதால் அவருக்கு அதிக நடுப்படிகள் தேவைப்படவில்லை.

அருண் 2022இல் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்குப் போனார். 2024 மே 26 ஐ.பி.எல் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. தமிழ்நாடு 1988இல் ரயில்வேயைத் தோற்கடித்து ரஞ்சிக் கோப்பையை வாங்கிய அதே மைதானம். முதல் ஓவரிலேயே கொல்கத்தாவின் ஸ்டார்க் வீசிய பந்து ஹைதராபாத் அணியின் அபிஷேக் சர்மாவின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. ஹைதராபாத் 113இல் சுருண்டது; கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்துவிட்டது.