தேசிங்கின் தோழனும் துவாவின் தோழனும்

வீரக்கதை பற்றித் தேர்வில் ஒரு கேள்வி வந்தால் விடை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகிறது. ‘இவன் வீரத்தில் சிறந்தவன், நட்பைப் போற்றியவன், சொன்ன சொல் தவறாதவன்.’ மூன்று வாக்கியம், முடிந்தது. இது பண்புகளின் பட்டியல், திறனாய்வு ஆகாது. அந்தப் பண்பு கதையில் எங்கே சோதிக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால்தான் விடைக்கு உயிர் வரும். தேசிங்கு ராஜன் கதைப்பாடலை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. செஞ்சிக் கோட்டையை 1698-இல் ஔரங்கசீப்பின் படை மராட்டியரிடமிருந்து பிடித்தது. பிறகு அங்கே பொறுப்பில் இருந்தவர் சொரூப்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் கோட்டை தன் உரிமை என்று எடுத்துக்கொண்டான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் வரிபாக்கி கேட்டார், இவன் மறுத்தான். 1714 அக்டோபரில் நடந்த சண்டையில் இறந்தான். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. தேஜ்சிங் மக்கள் வாயில் தேசிங்கு ஆனான்.

ஆக, நடந்தது ஒரு வரிபாக்கித் தகராறு. தோற்றவனோ வடநாட்டுக் குடும்பத்துப் பையன். இவனை எதுக்குத் தமிழில், தெருத்தெருவாகப் பாடினார்கள்?

அடங்காத குதிரையை அடக்கிய கதை ஒரு காரணம். டில்லி பாதுஷாவின் குதிரையைத் தந்தையால் அடக்க முடியவில்லை, மகன் அடக்கினான் என்கிறது பாட்டு. கேட்கச் சுவையான பகுதி, ஆனால் அந்த மாதிரிக் கதை எல்லா நாட்டிலும் உண்டு. சிங்கவரம் ரங்கநாதர் பகுதி அதைவிட ஆழமானது. போருக்குப் போகுமுன் வணங்க வந்தவனுக்குச் சாமி சம்மதம் தரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பது கதை. அவனோ கேட்கவில்லை, போனான். நாயகனின் பிடிவாதத்தைப் பாட்டே மறைக்காமல் காட்டுகிற இடம் இது. ‘வீரத்தில் சிறந்தவன்’ என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடமும் இதுதான்.

ஆனால் பாட்டின் உயிர் மகமத்கானிடம் இருக்கிறது என்பேன். வாய்மொழியில் அவன் மோவுத்துக்காரன். கல்யாணக் கோலத்தில் இருக்கிறான். செஞ்சியிலிருந்து சேதி வருகிறது. கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறுகிறான், போர்க்களத்தில் சாகிறான். எதிரே நின்ற நவாப் இவன் மதத்தவர். தேசிங்கு பெருமாளை வணங்குகிறவன். இருந்தும் இதை இரண்டு மதங்களின் சண்டையாகப் பாட்டு சொல்லவில்லை. முந்நூறு வருஷம் கழித்தும் கேட்கிறவர் மனம் இளகுவது இந்த இடத்தில்தான்.

ஐரோப்பாவின் வட்டமேசை வீரர்கள் கதையும் இதற்குத் தூரத்து உறவு. மாலரி எழுதிய ஆர்தர் கதையைக் காக்ஸ்டன் அச்சிட்டது 1485-இல். கவசம் பூண்ட குதிரைவீரனின் காலம் அப்போது போய்க்கொண்டிருந்தது. செஞ்சியிலும் பீரங்கி, துப்பாக்கிகள் வந்த பிறகுதான் குதிரைக்காரன் பாட்டாகிறான்.

நம் மாணவர்கள் ஒப்பிடுவதற்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஆற்றைத் தாண்டினால் புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்ட கோட்டை. அங்கே பீரங்கி பக்கத்தில் நின்று படம் எடுத்த பிள்ளைகளுக்குச் செஞ்சியை விளக்குவது சிரமமில்லை. ஹங் துவா கதையும் அவர்களுக்குத் தெரியும். பொய்ப்பழி சுமத்தி மரண தண்டனை விதிக்கப்பட்ட துவாவைப் பெண்டஹாரா ஒளித்து வைக்கிறார். நண்பன் செத்துவிட்டான் என்று நம்பிய ஜெபாட், சுல்தானை எதிர்த்து அரண்மனையைப் பிடிக்கிறான். கடைசியில் சுல்தானின் கட்டளைப்படி அவனைக் கொல்வது துவாவே. (சிஜாரா மெலாயுவில் கலகக்காரன் ஹங் கஸ்தூரி, இதைக் குறிப்பிடும் மாணவர் நிச்சயம் தனித்துத் தெரிவார்.)

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். மகமத்கானுக்கு அரசனும் நண்பனும் ஒரே ஆள். யார் பக்கம் நிற்பது என்ற குழப்பமே இல்லை. துவாவுக்கு அரசன் வேறு, நண்பன் வேறு. ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். தமிழ்ப்பாட்டு கண்ணீர் வரவழைக்கிறது. மலாய்க்கதை வாக்குவாதம் வரவழைக்கிறது, இன்றுவரை துவா சரியா ஜெபாட் சரியா என்று நாடு பேசுகிறது. கதை என்ற அளவில் எனக்கு மலாய்க்கதையே பெரியது. செஞ்சிப் பாட்டு, ‘நண்பன் தப்பு செய்தால் என்ன செய்வாய்?’ என்று மகமத்கானைக் கேட்பதே இல்லை. சிங்கவரத்தில் சாமி சொன்னதை அந்த நண்பனாவது சொல்லியிருக்கக் கூடாதா?

1960-இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படம் இந்தக் கேள்வியை இன்னும் தூரத்தில் தள்ளியது. தேசிங்காகவும் தாவூத்கானாகவும் எம்.ஜி.ஆர். ஒருவரே நடித்தார். தோழனுக்கும் அரசனின் முகமே என்றால், தட்டிக்கேட்கத் தனியாக ஓர் ஆள் எங்கே?

இது ஏட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. ‘நண்பனுக்கு ஒன்னுன்னா உயிரையே கொடுப்பேன்’ என்று சொல்லும் பையன்கள் நம் தோட்டப்புறத்திலும் வீடமைப்புப் பகுதியிலும் இருக்கிறார்கள். எதற்காகச் சண்டை என்றுகூடக் கேட்காமல் கூட்டத்தோடு போகிறவர்கள். அவர்களுக்கு மகமத்கானை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லிக்கொடுத்தால் கதையில் பாதியைத்தான் கொடுக்கிறோம். மீதிப் பாதி அந்தக் கல்யாண வீட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை போன பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்? தேசிங்கின் ராணி தீயில் இறங்கினாள் என்கிறது கதை. அவள் நினைவாக நவாப் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள்.

படிவம் ஐந்து மாணவர்களுக்கு இப்படி ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள்: ‘மகமத்கான் போருக்குப் போகாமல் தேசிங்கைத் தடுத்து நிறுத்தியிருந்தால் அவன் நல்ல நண்பனா? கதையிலிருந்து சான்று காட்டி எழுதுக.’ பட்டியல் போட்டு இதற்கு விடை எழுத முடியாது. இரண்டு பக்கமும் வாதிடுகிற விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் ஆசிரியர் முகத்தைப் பார்த்து எழுதுவார்கள்.