முதல் முடிச்சு விழுந்த நேரம்

2006-இல் பூந்தமல்லி மண்டபம் ஒன்றில் சித்தி மகளுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியதும் கையிலிருந்த சின்ன டிஜிட்டல் கேமராவை அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்தது. கண் சிவப்பைத் தடுக்கும் முன்-ஃப்ளாஷ் மின்னியது. அதன்பிறகுதான் படம் விழுந்தது. மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு அதில் இல்லை. அட்சதை ஒட்டிய நாத்தனாரின் கொண்டை மட்டும் தெளிவாக இருந்தது.

'ஷட்டர் லேக்' என்று அன்று எல்லோரும் பழித்தோம். பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுந்தது. ஃபோகஸ் முடிந்திருந்தால் இவ்வகை கேமராக்கள் பலவும் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியில் படத்தைப் பிடித்துவிடும். நேரத்தைத் தின்பது ஆட்டோஃபோகஸ். லென்ஸை நகர்த்தி நகர்த்தி, பிம்பத்தின் விளிம்பு எங்கே கூர்மையாகிறது என்று அது தேடுகிறது. உச்சத்தைத் தாண்டிப் போன பிறகே அதுதான் உச்சம் என்று தெரியும். உடனே திரும்பி வர வேண்டும். மங்கல் வெளிச்சத்தில், வெள்ளை வேட்டியின் மேல், பற்றிக்கொள்ள விளிம்பே கிடைக்காது. எஸ்.எல்.ஆர். கேமராவின் ஃபேஸ் டிடெக்ஷனோ (phase detection) எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை ஒரே பார்வையில் கணித்துவிடும்.

"பாதி அழுத்திப் பிடித்துக் காத்திரு" என்பது இந்தச் சின்ன கேமராக்களின் ஆதரவாளர்கள் தரும் பதில். அம்பத்தூரில் பையன்கள் ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் செய்து பார்த்தேன். ஸ்டம்பின் மேல் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்தினால் பேட் சுழல்வது கிடைக்கிறது. நிறுத்தாவிட்டால்? மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பந்து அரை விநாடியில் எட்டு மீட்டர் கடக்கும். பிட்ச்சின் நீளமே இருபது மீட்டர்தான். ஆனால் ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடா எந்த நொடியில், எந்தப் பக்கம் எழும்பும் என்று யார் கண்டது? அங்கே பாதி அழுத்தலும் கைகொடுக்கவில்லை. கைகொடுத்த இடத்திலும் அது எடுப்பவரின் பழக்கமே தவிர கேமராவின் தகுதி அல்ல.

சின்ன சென்சாரில் அண்மையும் சேய்மையும் ஒருசேரத் தெளிவாக விழும். எனவே தூரத்தை முன்பே நிலைநிறுத்தி, தேடாமலே சுடும் வசதியைப் பெரிய செலவில்லாமல் தந்திருக்கலாம். 2005-இன் ரிக்கோ ஜி.ஆர். டிஜிட்டலில் 'ஸ்நாப்' என்ற பெயரில் அது இருந்தது. மலிவு விலைக் கேமராக்களில் பெரும்பாலானவை மெகாபிக்சலையும் ஜூமையும் காட்டியே விற்றன. சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகளைப் பதித்த ஃபுஜிஃபில்ம் எஃப்300 இ.எக்ஸ்.ஆர். வந்தது 2010-இல், அதற்குள் செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. ஆகவே இதைத் தொழில்நுட்பத்தின் இயலாமை என்று நான் ஏற்கமாட்டேன். எதை முதலில் சரிசெய்வது என்பதில் செய்த பிழை அது.

இன்று இளையோர் பழைய கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். கடையில் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். டியூப்லைட் எட்டாத மூலையில் ஒருவரைக் கை வீசி நடக்கச் சொல்லி, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கை எங்கே இருந்தபோது அழுத்தினீர்கள், படத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.