இன்ஜின் கெட்ட ஃபைபர் போட்டை வாங்கலாமா?

தேவனாம்பட்டினத்துக் கரையில் பழைய ஃபைபர் போட்டு ஒன்று விலைக்கு வந்தால் விற்பவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்: "பாடி கல்லு மாதிரி இருக்குண்ணே, இன்ஜின்தான் கொஞ்சம் தகராறு." வாங்க வந்தவர் முதல் பாதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்வார். மெக்கானிக் வருவார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். புகை என்ன நிறம், நோசலா, பம்பா, ரிங்கா என்று அரைநாள் பேச்சு ஓடும். கடைசியில் ஒரு தொகையைக் குறைத்துக் கைகுலுக்குவார்கள். அந்த அரைநாளில் பாடியை ஒருவரும் தட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜின் பழுதான போட்டை எடைபோட உட்கார்ந்தால் இன்ஜினைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். கடலில் ஆளைக் கைவிடுவது இன்ஜின்தானே? கட்டுமரக் காலத்தில் பாயும் துடுப்பும் கூடவே இருந்தன. இன்றைக்கு ஃபைபர் போட்டில் போகிறவர்களில் பாய் எடுத்துப்போகிறவர் அரிது. இன்ஜின் நின்றால் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும், கோடையில் வடக்கே இழுக்கும். எட்டிக் கூப்பிடும் தூரத்தில் வேறு போட்டு இல்லையென்றால் நிலைமை மோசம்தான். இந்த வாதத்தை நான் தள்ளவில்லை. ஆனால் இது கெட்ட இன்ஜினோடு கடலுக்குப் போகாதே என்று சொல்கிறது, அவ்வளவுதான். கெட்ட இன்ஜின் பூட்டிய போட்டை வாங்காதே என்ற முடிவுக்கு இது கொண்டுபோகாது. நாலு போல்ட்டைக் கழற்றினால் இன்ஜின் கரையில் இறங்கிவிடும், வேறொன்றை ஏற்றலாம். பாடியை அப்படி மாற்ற வழியில்லை.

பாடியைப் பற்றி நான் இவ்வளவு சந்தேகப்படுவதற்கு வரலாறு ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் பெரிய அடி வாங்கிய ஊர்களில் ஒன்று. கட்டுமரங்களும் வள்ளங்களும் சிதறிப்போன இடத்தில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தன. கொடுத்தவர்களுக்கு அவசரம், கட்டியவர்களுக்கு ஆர்டர் வெள்ளம். புதிதாக முளைத்த யார்டுகளில் வார்த்த போட்டுகளின் கனமும் தரமும் போதவில்லை என்று அப்போதே மீன்வளத் துறை சார்ந்த வல்லுநர்கள் எச்சரித்தார்கள். அந்தத் தலைமுறைப் போட்டுகளுக்கு இப்போது இருபது வயது. அவற்றில் பல 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும் பார்த்தவை. அடுக்கி வைத்த போட்டுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, பிறகு ஒட்டுப்போட்டு மேலே பெயின்ட் அடித்து இன்னமும் ஓடுகின்றன. எனவே விற்பவரிடம் இன்ஜின் எந்த வருஷம் என்று கேட்பதற்கு முன்னால் பாடி எந்த வருஷம், தானே புயல் அடித்தபோது அது எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும்.

பிறகு போட்டைச் சுற்றி நடக்க வேண்டும். கையில் ஒரு சின்ன மரச் சுத்தியல் போதும். பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே கண்ணாடி இழைப் பாய் அடுக்குகள் பிரிந்துபோன இடம் மந்தமாக ஒலிக்கும். அடுத்து அடிப்பாகம். தேவனாம்பட்டினம் போட்டு மணலில் ஏறி இறங்குகிற போட்டு. வருஷக்கணக்கில் இழுபட்டதில் நடுமுதுகு தேய்ந்து, ஜெல்கோட் என்ற மேல்பூச்சு போய், கண்ணாடி இழை வெளியே தெரியும். அது தெரிந்தால் கடல்நீர் அந்த வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிதம்பரம் பக்கம் கிள்ளையிலோ முடசலோடையிலோ இருந்து வரும் போட்டுக்கு வேறு நோய். கழிமுகத்தில் எப்போதும் மிதந்தே கிடப்பதால் அடி தேயாது, தண்ணீர்தான் ஊறும். தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட போட்டு மேலே பளபளவென்று இருக்கிறதே என்று மயங்கி வாங்கிய ஆட்கள் உண்டு.

இன்ஜின் உட்காரும் பின்பலகையில்தான் பெரும்பாலான ரகசியம் இருக்கிறது. ஃபைபருக்கு நடுவே ப்ளைவுட் வைத்து மூடியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ப்ளைவுட் உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினின் நீளத் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை வளைகிறதா, போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் வந்துவிடும்.

மிதவை அறையைத் திறந்து காட்டச் சொல்வது அடுத்த வேலை. கட்டுமரம் திடமரம், கவிழ்ந்தாலும் மூழ்காது. ஃபைபர் போட்டு உள்ளே வெற்றிடம். தண்ணீர் நிறைந்தால் அதை மிதக்க வைப்பது அறைகளில் அடைத்த ஃபோம் மட்டுமே. சில போட்டுகளில் சாதா தெர்மோகோலைத் துண்டு துண்டாகப் போட்டு மூடியிருப்பார்கள். ஃபைபர் வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் பட்டாலே அது கரைந்துபோகும். பல வருஷ ஒட்டு வேலைக்குப் பிறகு அந்த அறைக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு இன்ஜினுக்கு வந்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். தண்ணீர் ஊறிய பாடி கனக்கும். கனத்த போட்டை அதே குதிரைச் சக்தி தள்ளும்போது இன்ஜின் திணறும், கறுப்புப் புகை தள்ளும், டீசல் குடிக்கும், சூடாகும், நாளடைவில் ரிங்கும் லைனரும் தேயும். பின்பலகை தளர்ந்திருந்தால் அதிர்வில் தண்டின் பேரிங் அடிக்கடி போகும். அப்படியானால் "இன்ஜின்தான் தகராறு" என்பதே பல நேரம் பாடி போடும் கூச்சல். இந்தப் போட்டில் புது இன்ஜின் பூட்டினாலும் இரண்டு சீசனில் அதுவும் தகராறு செய்யும். முதல் முதலாளி இன்ஜினை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தால் இந்தச் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. ஊறிய பாடியைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே நீளப் போட்டைக் கரையில் தள்ள வழக்கமாக எத்தனை ஆள் வேண்டும், இதற்கு எத்தனை ஆள் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. கரையில் நிற்பவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

இன்ஜினை அதன் போக்கில் பார்ப்பது சுலபம். நம் கரையில் அதிகம் ஓடுவது காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பின்னால் நீளத் தண்டோடு. கடல்நீர் அதன் உள்ளே ஓடுவதில்லை, உப்பு வெளியிலிருந்துதான் அரிக்கும். காலையில் முந்தின இரவுக் குளிர் மாறாமல் இருக்கும்போது சுற்றிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். சுற்றும்போது கையில் எதிர்ப்பு தெரியாவிட்டால் கம்ப்ரஷன் இல்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்கு நோசலும் காரணமாகலாம், சுமையும் காரணமாகலாம். பம்பும் நோசலும் ரிங்கும் கடலூர் முதுநகரிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைகள். ஒரே ஒரு இன்ஜினை மட்டும் தொடக்கூடாது: கடலில் ஒருமுறை மூழ்கி எடுத்தது. உடனே கழுவி ஆயில் மாற்றியிருந்தாலொழிய கிராங்கும் பேரிங்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அவுட்போர்டு மோட்டார் என்றால் குளிர்விக்கும் வழியே கடல்நீர்தான், உதிரிப் பாகமும் விலை கூடுதல். பழுதான அவுட்போர்டுக்கு நான் மதிப்பே போடமாட்டேன்.

இன்ஜின் முடிந்தால் அடுத்தது காகிதம். கவனமாக வாங்குவதற்கு இதே ஊரில் ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து இங்கே கோட்டையை வாங்கியபோது கோட்டையோடு பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேரும் என்று எழுதிக்கொண்டது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்து, குண்டைச் சுட்டு, எல்லையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நியாயம் இருக்கட்டும், பொருளோடு கூட என்னென்ன வருகிறது என்பதை முதலிலேயே எழுத்தில் கொண்டுவந்த அந்தக் கெட்டிக்காரத்தனம் போட்டு வாங்குகிறவருக்கும் வேண்டும். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, பெயர் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். வரியில்லா டீசல் முதல் நிவாரணம்வரை எல்லாமே அந்தப் பதிவைப் பிடித்துத்தான் வருகின்றன. அடுத்தது வியாபாரிக் கடன். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டும் என்ற கட்டு போட்டின் தலையில் இருந்தால், ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் கணக்கு முடித்து வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் மீன்பாட்டிலேயே வியாபாரி கரையில் வந்து நிற்பார்.

பணக் கணக்கு. 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்குப் பழைய போட்டுக்கு மாற்றாகப் புதுப் போட்டும் வலையும் கொடுக்க அலகு மதிப்பு 5 லட்சம். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அதாவது கையிலிருந்து 3 லட்சம் அல்லது 2 லட்சம். சந்தை விலை அந்த மதிப்பைத் தாண்டலாம், பட்டியலில் பெயர் வரக் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் இந்த எண்தான் அளவுகோல். ஒரு பேச்சுக்கு, பழைய போட்டுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள், இன்ஜின் வேலைக்கும் ஒட்டு வேலைக்கும் இன்னொரு லட்சம் ஆகும் என்றால், மானியத்துக்குத் தகுதி உள்ளவர் அந்தப் பழைய போட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இரண்டு வகைப் போட்டைப் பிரிக்கிறது. சுனாமிக்குப் பின் வந்த தலைமுறைப் போட்டு, இன்ஜின் "ஒரு நோசல் மாத்தினா போதும்" என்ற நிலையில், கிட்டத்தட்ட ஓடும் போட்டின் விலைக்கு: வேண்டாம். ஆறேழு வயதுப் பாடி, தட்டினால் கணீரென்கிறது, பின்பலகை வளையவில்லை, பதிவு சுத்தம், இன்ஜின் சுத்தமாகச் செத்துவிட்டது: வாங்கலாம். செத்த இன்ஜினை விற்பவரால் விலைக்குள் ஒளித்துவைக்க முடியாது, இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுப் பேசலாம். இருமிக்கொண்டு ஓடுகிற இன்ஜினுக்குத்தான் ஆள் ஏமாறுகிறார். இதில் ஒரு விலக்கு உண்டு. சுருக்குமடி வலைக்கென்று பெரிய இன்ஜினோடு கட்டிய போட்டாக இருந்தால் பாடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இப்போது வாங்க மாட்டேன். 2000லிருந்து மாநிலத்தில் தடை இருந்த வலை அது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று கொடுத்த அனுமதியை நம்பி ஒரு குடும்பத்தின் கைமுதலைப் போடுவது வழக்கில் பணம் போடுவதாகும்.

காலமும் விலையைத் தீர்மானிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கும்போது ஃபைபர் போட்டு மீனுக்கு நல்ல விலை, அதனால் மாசி பங்குனியில் போட்டு விற்பவர் இறங்கமாட்டார். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்துப் போட்டு கரையில் சும்மா கிடக்கும்போது பேச்சைத் தொடங்கினால், பதிவை முதலில் பெயருக்கு மாற்றி, அந்தப் பதிவை வைத்துப் புது இன்ஜினுக்கு மானிய மனு கொடுத்து, தை பிறப்பதற்குள் ஒட்டு வேலையையும் முடித்துவிடலாம்.