‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பள்ளி விடுமுறையை முன்னிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய ஆங்கிலப் பேசும்படத்தைத் திரையிட எங்கள் தோட்டத்துப் படிப்பகத்தார் எண்ணினர். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் படத்தைத் தேர்ந்தெடுத்தும் விட்டனர். உடனே இரண்டு கட்சிகள் எழுந்தன. “பேய்ப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கவோ படிப்பகம் வைத்திருக்கிறீர்கள்?” என்றனர் ஒரு சாரார். “இது பேய்ப் படமன்று, விஞ்ஞானப் படம். பிள்ளைகளுக்கு அறிவு வளரும்” என்றனர் மற்றொரு சாரார். மூல நூலை ஆங்கிலப் பள்ளியிலேயே வாசித்தவன் என்ற ஒரே காரணத்தால், செக்ரோல் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வழக்கு வந்து சேர்ந்தது. “கிராணியாரே, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், அதன்படி செய்வோம்” என்றார் படிப்பகத் தலைவர். என் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரு முறையும், தனியே ஒரு முறையும் பார்த்தேன். இரு சாராரும் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பதே என் முடிவு.

கதை நேயர்களிற் பலர் அறிந்ததே. என்றி பிராங்கன்ஸ்டைன் என்னும் இளம் விஞ்ஞானி, இடுகாட்டில் தோண்டியும் தூக்குமரத்திலிருந்து அறுத்தும் கொண்டுவந்த பிணங்களின் உறுப்புகளை ஒன்றாகத் தைத்து, இடிமின்னலின் ஆற்றலால் அதற்கு உயிரூட்டுகிறான். உயிர்பெற்ற உருவம் அவனுக்கு அடங்காமல் ஊருக்குள் புகுந்து, முடிவில் ஒரு காற்றாலையில் தீக்கு இரையாகிறது. ஜேம்ஸ் வேல் இயக்கினார். போரிஸ் கார்லாப் அவ்வுருவமாக நடித்தார். தட்டையான தலையும், கழுத்தின் இருபுறமும் முளைகளும் கொண்ட அம்முகத்தை அமைத்தவர் ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர். அந்த முகம் இன்று விளையாட்டுப் பொம்மைகளிலும் பைகளிலும் காணப்படுவதால், நம் பிள்ளைகள் அதற்கு அஞ்சுவார்கள் என்பதை நான் நம்பவில்லை. என் பன்னிரண்டு வயது மகன் அது முதன்முதலாகத் திரும்பி நிற்கும்போது சிரித்தான்.

அச்சம் முழுவதும் தீது என்று கூறுவோர் கட்சியில் நான் சேரமாட்டேன். பிள்ளை அழுதால் “முனி வருகிறது” என்று சொல்லி வாயை அடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வாறு வளர்த்த நாமே, திரையிற் காணும் அச்சத்தைக் கண்டு பதறுவது வேடிக்கையன்றோ? முனிக்குக் காரணம் கேட்க முடியாது. கேட்கும் பிள்ளைக்கு அடிதான் விழும். இப்படத்திலுள்ள அச்சமோ மனிதன் செய்த செயலிலிருந்து பிறந்தது. மந்திரமில்லை, ஆவியில்லை. யார் செய்தான், ஏன் செய்தான், எங்கே தவறினான் என்று ஒரு சிறுவன் தொடர்ந்து கேட்டுக்கொண்டே போகலாம். இவ்வகையில் விஞ்ஞானக் கட்சியாரின் பக்கம் சிறிது நியாயம் உண்டு. ஆனால் விஞ்ஞானம் கற்பிக்கும் படம் இது என்பது வெறும் பேச்சு. ஆய்வுக்கூடத்தில் மின்பொறிகள் பறப்பது கண்ணுக்கு விருந்தேயொழிய அதிற் கற்பதற்கு ஒன்றுமில்லை.

எனினும் என் பிழையொன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். ஆறு வயது நிரம்பாத என் மகளையும் உடன் உட்காரவைத்தேன். பிணம் தோண்டுவதை அவள் கவனிக்கவேயில்லை. உருவத்தைக் கண்டும் ஓடவில்லை. ஏரிக்கரையில் விளையாடிய மேரியா என்னும் சிறுமியின் உடலைத் தகப்பன் கையிலேந்தி, ஆடிப்பாடிக்கொண்டிருக்கும் ஊரின் நடுவே நடந்து வருகிறானே, அப்போதுதான் என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். “அந்தப் பாப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அவள் அப்பா ஏன் போனார்?” என்று கேட்டாள். அதன்பின் ஒரு வாரம் வரையில், விடியலில் நான் பெரட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதாள். பெரியோர் அஞ்சும் இடம் வேறு, குழந்தை அஞ்சும் இடம் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். குழந்தைக்கு அரக்கன் பெரிதல்லன்; காப்பவன் இல்லாமற் போவதே பெரிது.

அந்த ஏரிக்கரைக் காட்சியை நன்கு ஆராயவேண்டும். சிறுமி அவ்வுருவத்தைக் கண்டு அஞ்சவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய், பூக்களைக் கொடுத்து, அவற்றை நீரில் எறிந்தால் ஓடம்போல மிதக்கும் என்று காட்டுகிறாள். அது முதன்முறையாகச் சிரிக்கிறது. தன் கையிலிருந்த பூக்கள் தீர்ந்தவுடன், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளைத் தூக்கி நீரில் எறிந்துவிடுகிறது. அவள் மூழ்கியதைக் கண்டு திகைத்துத் தடுமாறி ஓடுகிறது. இதிற் கொடுமையில்லை, அறியாமையுண்டு. ஆனால் 1930களின் பிற்பகுதியில் இப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, தணிக்கை விதிகளுக்கு இணங்க, எறியும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டனர். விளைவு என்ன? உருவம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடிகிறது. அடுத்து அவள் பிணமாக வருகிறாள். இடையில் நடந்தது யாது என்பதைப் பார்ப்பவர் தம் மனம்போல் கற்பித்துக்கொள்ளலாம். அக்கற்பனை உண்மையைக் காட்டிலும் எத்தனை மடங்கு அருவருப்பானது என்பதைப் பெற்றோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. மக்களைக் காப்பதற்கென்று எடுத்த கத்தரி, ஓர் அறியாப் பிழையை அரக்கத்தனமாக மாற்றிவிட்டது. 1980களில்தான் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் அச்சுறுத்தும் படங்களுக்கென ‘எச்’ என்று ஒரு தனிக்குறி வகுத்து, 1937 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தோரை உள்ளே விடாமல் தடுத்தனர். வாயிலில் தடுப்பதாவது நேர்மையான செயல். படத்தை முடமாக்கிக் காட்டுவது அப்படியன்று.

இனி, நான் உண்மையில் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். அதைக் குறித்து எங்கள் தோட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை.

மருத்துவக் கல்லூரியொன்றில் பேராசிரியர் வால்ட்மன் இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் காட்டி விரிவுரை நிகழ்த்துகிறார். ஒன்றில் நல்ல மூளை. மற்றொன்றிற் குற்றவாளியின் மூளை. இரண்டுக்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு என்கிறார். பிராங்கன்ஸ்டைனின் ஏவலாள் பிரிட்சு நல்ல மூளையைத் திருட வந்து, ஓர் ஓசை கேட்டு அஞ்சிப் புட்டியைக் கைநழுவவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்துச் செல்கிறான். ஆகவே அவ்வுருவம் கெட்டதாகத்தான் இருக்கும் என்பது முன்பே முடிவாகிவிட்டது! ஒருவன் தீயவனாவது மூளையில் எழுதப்பட்டது, வளர்ப்பிலும் நடத்தையிலும் ஒன்றுமில்லை என்ற கொள்கையைச் சிறுவர் நெஞ்சில் இதைவிட எளிதாக எவ்வாறு பதிக்க முடியும்?

இது வெறும் கதைதானே என்பீர்கள். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்று இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல், தகுதியற்றோர் என்று தான் கருதியவர்களுக்குக் கட்டாயமாகக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றிற்று. வர்ஜீனியா மாநிலத்தின் இத்தகைய சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 1927இல் தீர்ப்பளித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின் வந்த படம் இது. பிறப்பினால் ஒருவனை அளக்கும் பழக்கத்துக்கு நாம் புதியவர்களல்லர். அதனால் எத்தனை தலைமுறைகள் குனிந்து நடந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த அளவுகோலை ஒரு விஞ்ஞானியின் கையிற் கொடுத்துவிட்டால் அது மெய்யாகிவிடுமா?

மூல நூலில் இப்புட்டிக் கதை இல்லவேயில்லை. மேரி செல்லி பதினெட்டு வயதில், 1816ஆம் ஆண்டு எழுதத் தொடங்கி 1818இல் பெயரில்லாமல் வெளியிட்ட நூல் அது. (படத்தின் தொடக்கத்திலும் அம்மையாரைக் கணவர் பெயரால், ‘பெர்சி செல்லியின் மனைவி’ என்னும் பொருள்பட அச்சிட்டிருக்கிறார்கள். எழுதிய கைக்கு நூறாண்டு கழிந்தும் சொந்தப் பெயர் கிட்டவில்லை.) நூலில் வரும் உருவம் பேசக் கற்கிறது, படிக்கக் கற்கிறது, விறகு வெட்டி ஏழைக் குடும்பமொன்றுக்கு இரகசியமாக உதவுகிறது. கண்ணில்லாத ஒரு கிழவர் மட்டும் அதனிடம் அன்பாகப் பேசுகிறார். கண்ணுள்ள அவர் மகன் வந்து அடித்துத் துரத்துகிறான். ஆற்றில் விழுந்த சிறுமியொருத்தியை அது காப்பாற்றுகிறது. அதற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டு. அதன்பின்தான் அது கொலைகாரனாகிறது. ஒரு சிறுவனையும் கொல்கிறது. அக்கொலையை அம்மையார் மன்னிக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கவுமில்லை. நீரில் விழுந்தவளைக் காத்த கையைப் படக்காரர்கள் நீரில் எறியும் கையாக மாற்றியதை என்னென்பது!

ஆயினும் படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், கதை எழுதியவர்கள் புட்டியில் வைத்ததை நடித்தவரும் இயக்கியவரும் திரையில் உடைத்துவிடுகிறார்கள். இருட்டறையில் அடைபட்டிருந்த உருவத்தை உட்காரவைத்து, பிராங்கன்ஸ்டைன் கூரைப் பலகையைத் திறக்கிறான். மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. அது எழுந்து நின்று, இரு கைகளையும் உயர்த்தி, வெளிச்சத்தைப் பிடிக்க முயல்கிறது. அவன் கூரையை மூடிவிடுகிறான். அது அவனை நோக்கிக் கைகளை ஏந்தி நிற்கிறது. ஒரு சொல்லில்லை, இசையுமில்லை. அடுத்த கணமே பிரிட்சு தீப்பந்தத்தோடு வந்து மிரட்டுகிறான். பிறகு சங்கிலி, சாட்டை, மீண்டும் தீ. அடித்தவனைத்தான் அது முதலிற் கொல்கிறது. இதிற் குற்றவாளியின் மூளை எங்கே வேலை செய்தது? அது குற்றவாளியின் மூளை என்று கேட்டபோது பிராங்கன்ஸ்டைனே, செத்த தசைதானே என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறான். அந்த ஓரிடத்தில் அவன் பேராசிரியரைவிடத் தெளிவாயிருக்கிறான். கூரை மூடியபோது என் மகன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். “வெளிச்சத்தைக் காட்டிவிட்டு ஏனப்பா மூடினார்?” என்றான். புட்டியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். “அதனால்தான் கெட்டதாகியது என்கிறார்கள், ஆனால் அடித்ததனால்தானே கெட்டது?” என்றான்.

ஆதலால் படிப்பகத்தாருக்கு நான் எழுதிக்கொடுத்தது இது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கண்டிப்பாக அனுமதிக்கக் கூடாது. பெற்றோர் மடியில் இருந்தாலும் கூடாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டோர் தாயோ தந்தையோ அருகிலிருக்கப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டோரைத் தடுப்பதற்கு நியாயமில்லை. வெட்டுண்ட பிரதியாயின் எவருக்கும் காட்டவேண்டாம். ஏரிக்கரைக் காட்சி முழுமையாக உள்ளதா என்பதை முன்னாளே போட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். இரவிற் காட்டாமல் ஞாயிறு பிற்பகலில் காட்டுவது நலம். படம் எழுபது நிமிடத்தளவே ஆகையால் பேசுவதற்கு நேரமிருக்கும். படம் முடிந்ததும், அந்தக் கண்ணில்லாக் கிழவர் வரும் பகுதியைப் பிள்ளைகளுக்குத் தமிழிற் சொல்ல நான் இசைந்திருக்கிறேன். பேய்ப் படம் என்று முதலிற் கூச்சலிட்ட நண்பரும் தம் மூத்த மகனை அழைத்து வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.