யந்திரத்தின் சிபாரிசு

கிளி ஜோசியத்தைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூண்டிலிருந்து வெளிவரும் கிளி ஓர் அட்டையைக் கொத்தி எடுக்கிறது. அதுவே நமது தலையெழுத்தென்று ஜோசியர் வாசிக்கிறார். அட்டைகளை அடுக்கி வைத்தவர் அவரே என்பதையும், அடுக்கில் இல்லாத அட்டையைக் கிளி எடுக்கமாட்டாது என்பதையும் அறிந்தவர்கள் ஜோசியருக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளிகளே இன்று வேலை முடிந்து வந்ததும் கைத்தொலைபேசியைத் திறந்து, "உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை" என்று இணையவழிப் படக் கம்பெனி காட்டும் வரிசையைக் கண்டு, அதுவே தமது ரசனையென்று ஒப்புக்கொள்கிறார்கள். இதனைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாம் சந்தா செலுத்தும் ஒரு கம்பெனியில், மாரி செல்வராஜ் இயக்கிய "பரியேறும் பெருமாள்" (2018) என்னும் படத்தைப் பார்த்தோம். சட்டம் படிக்க வந்த ஓர் இளைஞன் சாதியின் பெயரால் படும் அவமானமே அதன் கதை. படம் முடிந்ததும், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவகாசமின்றி, மூன்று சிபாரிசுகள் வந்து நின்றன. ஒன்று, மீசையை முறுக்கிக்கொண்டு ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் பெரிய வீட்டாரின் பெருமையைப் பாடுவது. இரண்டாவது ஒரு பேய்ப்படம். மூன்றாவது, வெள்ளைக்காரச் சிறுவனொருவனும் அவன் நாயும் பற்றியது. நாய் எங்கிருந்து வந்ததென்று யோசித்தோம். பரியனின் கறுப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு மாள்கிறதல்லவா, அந்த உறவு போலும்!

நாயைப் பற்றிச் சிரித்துவிடலாம். முதற் சிபாரிசு சிரிப்புக்குரியதன்று. வயல், வேட்டி, அரிவாள், ஊர்க்கூட்டம் ஆகியவை இரண்டு படங்களிலும் உண்டு. ஒன்றைப் பார்த்தவர்களில் பலர் மற்றதையும் பார்த்திருக்கவுங் கூடும். ஆகவே இரண்டும் ஓரினம் என்பது யந்திரத்தின் கணக்கு. எந்த ஆண்டைத்தனத்தை எதிர்த்து ஒரு படம் எழுந்ததோ, அந்த ஆண்டைத்தனத்தின் புகழ்ப்பாட்டையே அதற்குத் தம்பியென்று கொண்டுவந்து நிறுத்துகிறது. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருக்கும் நமக்குக் கணக்கின் எல்லை தெரியும். யார் வந்தார் என்பது ஏட்டில் இருக்கும். என்ன மனநிலையில் வந்தார் என்பது இராது.

கணக்கைத் திருத்த முயலவில்லை என்றும் சொல்வதற்கில்லை. தனது சிபாரிசுக் கணக்கைப் பத்து சதவீதம் திருத்தித் தருவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசென்று நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 2006-ல் அறிவித்தது. 2009-ல் ஒரு கூட்டத்தார் அதனைப் பெற்றனர். எனினும் வென்ற முறையைத் தாம் முழுமையாகக் கையாளவில்லை என்று 2012-ல் கம்பெனியாரே தெரிவித்தார்கள். 2017-ல் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டையும் எடுத்துவிட்டு, கட்டைவிரலை மேலோ கீழோ காட்டும் முறையை வைத்தார்கள். படம் உயர்ந்ததா என்று கேட்பது வேறு. இன்னொன்றும் பார்ப்பாயா என்று கேட்பது வேறு. சந்தா வாங்குகிறவருக்கு இரண்டாங் கேள்வியே போதும்.

நமது மளிகைக்கடைக்காரர் ஒரு சரக்கு இல்லையென்றால் இல்லையென்பார். இக்கடையோ இல்லையென்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்ட பழைய படத்தின் பெயர் போன்ற வேறெதையோ கொடுத்து நம்மை மறக்கச் செய்கிறது. இருந்த சரக்கும் திடீரென மறைகிறது. ஸ்ரீரங்கத்துக் கோயிலில் பிரசாதம் சமைப்பவரின் மகள் மாமிசமும் சமைக்கத் துணியும் "அன்னபூரணி" என்ற படம் 2023 டிசம்பரில் வெளியாகி, அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இந்து அமைப்புக்களின் எதிர்ப்புக்குப் பின் 2024 ஜனவரியில் அங்கிருந்து அகற்றப்பட்டது. அது சிறந்த படமன்று என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அவ்வாறு சொல்லும் உரிமை பார்த்தவர்க்கன்றோ உரியது? சில சமயம் கடையே மறைந்துவிடுகிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2015-ல் தொடங்கிய ஹூக் என்னும் கம்பெனி 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு படங்காட்டுவதை நிறுத்தியது. கோலாலம்பூரில் பிறந்த ஐஃபிளிக்ஸ் அதே ஆண்டில் சீனத்து டென்சென்ட் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மாதந்தோறும் பணங்கட்டியவர் வீட்டில் ஒரு தகடேனும் மிஞ்சவில்லை. செம்பனைக் காட்டுக்குள் அலை எட்டாத லயங்களில் இருப்போருக்கு இவையாவும் முதலிலிருந்தே ஏட்டுச் சுரைக்காய்தான்.

சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த "ஜகாட்" (2015) நம் நாட்டுப் படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமென்று பரிசு பெற்றது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்பாவின் அடிக்கும் பள்ளியின் ஏளனத்துக்கும் நடுவே குண்டர் கூட்டத்தின் பக்கம் சாய்வதை அது காட்டுகிறது. இவ்வளவு காலம் படம் பார்த்தும், எந்த யந்திரமும் நமக்கு இதனைச் சிபாரிசு செய்ததில்லை. சொன்னவர் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர். "கிராணி ஐயா, பார்க்கும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அவனிடம் பேசுங்கள்" என்றார். படம் எது, யாரோடு பார்ப்பது, பார்த்தபின் செய்யவேண்டியது யாது என்ற மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தன. அவருக்கு நம் பையனைத் தெரியும்.

ஆகவே நமது வாசகசாலைகளையும் இளைஞர் மன்றங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மேசைமேல் ஒரு குறிப்பேடு வையுங்கள். படத்தின் பெயர், பார்த்தவர் பெயர், யார் பார்க்கவேண்டும், எதற்காக என்று நான்கு கட்டம் போதும். "எதற்காக" என்ற கட்டத்தைக் காலியாக விட்டவரிடம் ஏட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தகடாகக் கிடைக்கும் படங்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுச் சாவியைக் காரியதரிசி வைத்துக்கொள்ளட்டும். குறிப்பேட்டுக்கு ஆகும் செலவு ஒரு மாதச் சந்தாவுக்கும் குறைவே.